எல்லை தாண்டிப் போன வீடுகள்

வீட்டுக்கு பிளான் போட என்னிடம் வருகிறவர்களில் நிறையப் பேர் வேலூர் சைதாப்பேட்டை, கொசப்பேட்டை சந்துகளில் பிறந்து வளர்ந்தவர்கள். கையில் நாலு காசு சேர்ந்ததும் மாநகராட்சி எல்லைக்கு வெளியே, ஏதாவது ஓர் ஊராட்சியில் மனை வாங்கிவிட்டு வருவார்கள். "நல்ல காத்து, அகலமான ரோடு, வீட்டு வரியும் கம்மி சார்" என்பார்கள். மூன்றும் உண்மைதான்.

ஆனால் வேலை, ஆஸ்பத்திரி, காலேஜ், மார்க்கெட் எல்லாம் ஊருக்குள்தான். பகல் முழுக்க அந்தச் சாலையையும் சாக்கடையையும் பயன்படுத்திவிட்டு, வீட்டு வரியை மட்டும் வெளியே கட்டுகிறோம். மழை பலத்தால் வீட்டுக்குள் தண்ணீர் புகுவது ஊருக்குள் இருக்கும் கன்சால்பேட்டைக்காரருக்கு. வடிகால் செலவு மாநகராட்சிக்கு. "தொழில் வரி அங்கேதானே கட்டுறேன்?" என்று ஒருவர் மடக்கினார். நியாயம்தான். ஆனால் அந்த வரி ஆண்டுக்கு 2,500 ரூபாயைத் தாண்டக் கூடாது என்று அரசியலமைப்பே வரம்பு கட்டியிருக்கிறது. அதை வைத்து எத்தனை அடி கால்வாய் தூர்வார முடியும்?

1866-ல் நகராட்சியான வேலூர் 2008-ல் மாநகராட்சியானது. 2011-ல் சத்துவாச்சாரி, தாராபடவேடு, அல்லாபுரம், தொரப்பாடி எல்லாம் உள்ளே வந்தன. லேஅவுட்டுகளோ அந்த எல்லையையும் தாண்டிப் போய்விட்டன.

சரி, என் தொழிலுக்கு வருகிறேன். இந்த மனைகளில் பாதாளச் சாக்கடை கிடையாது. அதனால் செப்டிக் டேங்க். அடிக்கும் சுவருக்கும் காங்கிரீட் போட்டு, உள்ளே இரண்டு அறை தடுத்து, வெளியேறும் நீரை உறிஞ்சுகுழிக்கு விட வேண்டும். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை கசடை எடுக்க வேண்டும். நடப்பது என்னவென்றால், நாலு சிமென்ட் உறையை (கிணற்றுக்குப் போடும் வளையம்) குழியில் இறக்கி, மேலே ஒரு மூடி போட்டு, அதைத்தான் செப்டிக் டேங்க் என்கிறார்கள். "பத்து வருஷமா நிரம்பவே இல்ல சார்" என்று அதில் பெருமை வேறு! நிரம்பாத டேங்க் என்றால் அடியில் கசிகிறது என்று அர்த்தம். அந்த நீர் போகும் மண்ணிலிருந்துதான் போர்வெல் தண்ணீரும் வருகிறது.

உறிஞ்சுகுழிக்கும் குடிநீர்க் கிணறுக்கும் நடுவே குறைந்தது 18 மீட்டர் விடச் சொல்கிறது இந்தியத் தரநிலை. அதாவது சுமார் 60 அடி. முப்பதுக்கு நாற்பது அடி மனையில் மூலைக்கு மூலை அளந்தாலே 50 அடிதான். உங்கள் மனைக்குள் கணக்கு எப்படியும் உதைக்கும். அப்புறம் பக்கத்து வீட்டுக்காரர் போரும் இருக்கிறது. அதனால் போர் தண்ணீரைப் பரிசோதிக்காமல் குடிக்காதீர்கள்.

முறையாக டேங்க் கட்டியவர்களும் அதோடு கைகழுவிவிடுகிறார்கள். கழிவுநீர் லாரிக்காரரிடம் எங்கே கொட்டுவீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். "ஊர்ப்பக்கம்தான் சார், வேற எங்க?" என்றார். சுத்திகரிப்பு நிலையமா, பாலாற்று ஓரமா என்று அதற்குமேல் பிடிகொடுக்கவில்லை. இறக்கிய இடத்துக்கான ரசீதைப் பார்த்த பிறகே லாரிக்குப் பணம் கொடுங்கள். பத்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து கேட்டால் கொண்டுவந்துவிடுவார்கள்.

இப்போதெல்லாம் பக்கத்து மனைகளில் இருக்கும் போரையும் என் வரைபடத்தில் புள்ளி வைத்துக் குறிக்கிறேன். "அது எதுக்கு சார் நம்ம பிளான்ல?" என்று போன வாரம்கூட ஒருவர் கேட்டார்.