எஸ்எம்பிஎஸ் சோதனை: விசிறி சுழன்றால் போதுமா?

மேசைக் கணினியின் பாகங்களுக்கு மின்சாரம் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸைச் சோதிக்க, அதன் 24 முள் இணைப்பியில் உள்ள பச்சை ஒயரைக் கறுப்பு ஒயரோடு இணைத்து, விசிறி சுழல்கிறதா என்று பார்ப்பது பழுதுபார்ப்போரின் வழக்கம். மல்டிமீட்டரில் 12 வோல்ட்டும் 5 வோல்ட்டும் தெரிந்தால் அது நல்லது என்று முடிவாகிவிடுகிறது. லோடு, அதாவது மின்சாரத்தை இழுக்கும் பாகம் எதுவும், இல்லாத நிலையில் எடுக்கப்படும் இந்த அளவு, எஸ்எம்பிஎஸ் முற்றிலும் செயலிழக்கவில்லை என்பதைத் தவிர வேறெதையும் சொல்வதில்லை.

முதலில் பார்க்க வேண்டியது பாதுகாப்பு. பெட்டியின் ஒரு பக்கத்தில் வீட்டு மின்சாரமான 230 வோல்ட் நுழைகிறது; நவீன வடிவமைப்புகளில் அது ஏறத்தாழ 400 வோல்ட் நேர்மின்னழுத்தமாகப் பெரிய மின்தேக்கியில் சேர்கிறது. சில மில்லிமீட்டர் இடைவெளிக்கு அப்பால், நாம் கையால் தொடும் யூஎஸ்பி முனைகளுக்குச் செல்லும் 5 வோல்ட் இருக்கிறது. இவ்விரண்டையும் பிரிக்கும் காப்பு தாங்குமா என்பதை அறிய, தொழிற்சாலையில் இரு பக்கங்களுக்கும் இடையே பொதுவாக 3,000 வோல்ட் அளவிலான மாறுமின்னழுத்தம் செலுத்தப்படுகிறது. இதற்குரிய கருவியும் பயிற்சியும் இல்லாதவர்கள் இதை ஒருபோதும் முயலக் கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பின்னும் அந்த மின்தேக்கியில் உயிருக்கு ஆபத்தான மின்னேற்றம் எஞ்சியிருக்கலாம்.

அடுத்தது எர்த் இணைப்பு. எர்த் முள்ளுக்கும் உலோகப் பெட்டிக்கும் இடையே 25 ஆம்பியர் போன்ற பெரிய மின்னோட்டத்தைச் செலுத்தி, மின்தடை 0.1 ஓமுக்குள் அடங்குகிறதா என்று பார்க்கிறார்கள். ஒற்றை இழையில் தொங்கும் ஒயரைக்கூட மல்டிமீட்டர் சரியான இணைப்பாகவே காட்டும். பெரிய மின்னோட்டம்தான் அந்தக் குறையை வெளிக்கொணரும்.

கணினிப் பெட்டியைத் தொட்டால் மெல்லிய ஷாக் அடிப்பதை நம் வீடுகளில் பலர் உணர்ந்திருப்பார்கள். மின்னிரைச்சலை வடிகட்டுவதற்காக இரு மின்கம்பிகளிலிருந்தும் எர்த்துக்கு ஒவ்வொரு சிறு மின்தேக்கி இணைக்கப்பட்டிருக்கிறது. சாக்கெட்டில் எர்த் இல்லையென்றால், அவ்விரண்டும் மின்னழுத்தத்தைப் பங்கிட்டு, பெட்டியைச் சுமார் 115 வோல்ட்டில் நிறுத்திவிடுகின்றன. மின்தேக்கிகள் மிகச் சிறியவை என்பதால் பாயும் மின்னோட்டம் மிகக் குறைவு. ஆனாலும் காப்பு பழுதாகும் நாளில் நம்மைக் காக்க வேண்டிய எர்த் அங்கே இல்லை என்பதை அந்த ஷாக் அறிவிக்கிறது. எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றும் முன் சாக்கெட்டைச் சோதிப்பதே முறை.

செயல்திறனை அளக்க, வேண்டிய அளவு மின்னோட்டத்தை இழுக்கும் கருவியான மின்னணு லோடு தேவை. கணினி எஸ்எம்பிஎஸ்களுக்கான தர வரையறையான ஏடிஎக்ஸ் வழிகாட்டியில் நெடுங்காலமாக இருந்த அளவின்படி, முழு லோடிலும் 12 வோல்ட் வெளியீடு 11.4 முதல் 12.6 வோல்ட்டுக்குள் நிற்க வேண்டும். அதன்மேல் ஏறிவரும் சிற்றலை, அதாவது மின்னழுத்தத்தின் வேகமான சிறு ஏற்ற இறக்கம், உச்சத்திலிருந்து அடிவரை 120 மில்லிவோல்ட்டைத் தாண்டக் கூடாது; 5 வோல்ட்டுக்கும் 3.3 வோல்ட்டுக்கும் வரம்பு 50 மில்லிவோல்ட். மல்டிமீட்டர் சராசரியையே காட்டுவதால், முதுமையடைந்த மின்தேக்கி உண்டாக்கும் சிற்றலை அதில் தெரியாது. 20 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு வரம்பிடப்பட்ட, மின்னழுத்தத்தின் அலைவடிவைத் திரையில் வரையும் ஆசிலோஸ்கோப்தான் அதைக் காட்டும். வெளிப்படையான காரணமின்றிக் கணினி மீண்டும் மீண்டும் ரீஸ்டார்ட் ஆவதற்கு இந்தச் சிற்றலையும் காரணமாக இருக்கக்கூடும்.

இறுதியாக, வெளியீட்டை வேண்டுமென்றே ஷார்ட் செய்கிறார்கள். தரமான எஸ்எம்பிஎஸ் உடனே தன்னை அணைத்துக்கொள்ள வேண்டும். ஷார்ட்டை நீக்கி மீண்டும் இயக்கினால், சேதமின்றி அதே அளவுகளைத் தர வேண்டும்.