பழைய காருக்கு வீட்லயே பெயிண்ட் அடிக்கப் போறீங்களா? பட்டறைக்காரன் சொல்றத கொஞ்சம் கேட்டுட்டுப் போங்க

போன நவம்பர்ல ஏற்காட்ல இருந்து ஒரு சார் போன் பண்ணாரு. ரிட்டயர்டு வாத்தியார், அவங்க அப்பா வாங்குன 1978 பிரிமியர் பத்மினி இன்னும் வீட்ல நிக்குது. "தம்பி, நானே பெயிண்ட் அடிச்சுப் பாத்தேன், கருநீலம் அடிச்சேன், காலைல பாத்தா சாம்பல் பூசுன மாதிரி வெளுத்துக் கிடக்கு, மேல பாலிஷ் போட்டா சரியாயிடுமா?"ன்னாரு. நவம்பர் மாசம், ஏற்காடு, போர்டிகோவுல வச்சு என்.சி. பெயிண்ட், அதாவது தின்னர் ஆவியாகிக் காயற நைட்ரோசெல்லுலோஸ் பெயிண்ட். கேட்டதும் எனக்கு சிரிப்பு வந்துருச்சு, அப்புறம் பாவமாவும் இருந்துச்சு, ஏன்னா அதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி எங்கிட்ட ரேட் கேட்டு, 1,65,000னு நான் சொன்னதும் "யோசிச்சு சொல்றேன்"னு போன மனுஷன் அவரு.

ஏன் வெளுத்துச்சுன்னா, மண்பானைத் தண்ணி ஏன் சில்லுனு இருக்கோ அதே கதைதாங்க. தின்னர் சட்டுனு ஆவியாகும்போது தகரத்துல இருக்கற சூட்ட இழுத்துட்டுப் போயிடும், மேல்பரப்பு குளுந்துடும், சுத்தி பனிமூட்டமா இருந்தா காத்துல இருக்கற ஈரம் அப்படியே வந்து ஈரப் பெயிண்ட் மேல உக்காந்துக்கும். சேலத்துல ஏப்ரல் வெயில்ல இந்தப் பிரச்சனை வராது, எங்களுக்கு அப்ப வேற தலைவலி, பெயிண்ட் தகரத்தத் தொடறதுக்கு முன்னாடியே காஞ்சு சொரசொரன்னு விழும். சரி பி.யூ., அதாவது ஹார்டனர் கலந்து அடிக்கற பாலியூரிதேன் பெயிண்ட், அடிச்சா தப்பிச்சிருப்பாரான்னா அதுவும் இல்ல, பி.யூ. ஹார்டனர் தண்ணியோட சேந்தா கேஸ் வரும், குட்டி குட்டியா கொப்புளம் எழும்பும்.

வண்டி 20 கொண்டை ஊசி வளைவையும் இறங்கி சேலம் கோரிமேட்டுப் பக்கம் நம்ம பட்டறைக்கு வந்துச்சு. பானெட்டுல பெயிண்ட் பாட்டி கை மாதிரி சுருங்கியிருந்துச்சு. அடியில பழைய சிந்தடிக் எனாமல் இருந்திருக்கு, அது மேல என்.சி. தின்னர் பட்டா இப்படித்தான் தூக்கிட்டு வரும். மறைவான ஒரு இடத்துல தின்னர் நனைச்ச துணிய ஒரு நிமிஷம் வச்சுப் பாத்திருந்தா முன்னாடியே தெரிஞ்சிருக்கும், யாரும் அவருக்கு சொல்லல.

நான் எப்பவும் ஒரு சின்ன காந்தம் சட்டைப் பாக்கெட்ல வச்சிருப்பேன். அத டோருக்குக் கீழ ரன்னிங் போர்டுல வச்சேன், ஒட்டல, தரையில விழுந்துச்சு. தட்டுனா டொக்கு டொக்குனு சத்தம். உளி வச்சு நெம்புனா, தகரம் இருக்க வேண்டிய இடத்துல பள்ளம் நிரப்பற பட்டி, அந்தப் பட்டிக்குள்ள நியூஸ் பேப்பர் சுருட்டி அடைச்சிருக்காங்க, சினிமா விளம்பரம் கூட பாதி படிக்க முடிஞ்சுது. எந்தப் பட்டறை எப்ப பண்ணுன வேலைன்னு சாருக்கே ஞாபகம் இல்ல. பட்டி 2, 3 மில்லிமீட்டருக்கு மேல போனாலே எனக்குப் பிடிக்காது, இங்க விரக்கடை கனத்துக்கு இருந்துச்சு.

இது அழகு சம்பந்தப்பட்ட விஷயம் மட்டும் இல்லைங்க. பத்மினிக்கு லாரி மாதிரி தனியா சேஸ் (அடிச்சட்டம்) கிடையாது, பாடியேதான் சேஸ். அந்த ரன்னிங் போர்டு பொட்டிதான் முன்னாடியையும் பின்னாடியையும் பிடிச்சு நிறுத்துது. அத வெட்டி எடுக்கறதுக்கு முன்னாடி டோர் வாசல்ல ஆங்கிள் வச்சு அங்கங்க டேக் (பொட்டு வெல்டிங்) அடிச்சு நிறுத்தணும், இல்லைன்னா பாடி நடுவுல தொங்கிடும், புதுத் தகரம் வச்ச பிறகு டோர் சாத்தாது. 20 கேஜ் தகரத்துல கேஸ் வெல்டிங் இழுத்துட்டே போனா அப்பளமா நெளியும், அதனால சிஓடூ வெல்டிங்ல இங்க ஒரு பொட்டு அங்க ஒரு பொட்டுன்னு ஆற விட்டு ஆற விட்டு வைக்கணும். இத யூட்யூப் பாத்து கத்துக்கலாம்னு சொல்றவங்க கத்துக்கங்க, ஆனா முதல் பாடத்த அப்பா காருல படிக்காதீங்க.

இப்ப அந்த 1,65,000 எங்க போகுதுன்னு சொல்றேன், என் பட்டறைக் கணக்குதான், மத்தவங்க ரேட் வேற இருக்கும். டிங்கரிங், அதாவது தகர வேலை, 55,000. பழைய பெயிண்ட உரிச்சு பட்டி பாத்து தேய்க்கற கூலி 48,000. பிரைமர், பெயிண்ட், ஹார்டனர், தின்னர், வாட்டர் பேப்பர் எல்லாம் சேத்து 34,000. கழட்டி மாட்டறது ரப்பர் பீடிங்கோட 18,000. கடைசியா ஸ்ப்ரே கன் பிடிச்சு அடிக்கற வேலைக்கும் பெயிண்ட் அடிக்கற பூத்துக்கும் வெறும் 10,000. எல்லாரும் ஆசப்படறது அந்தக் கடைசி வேலைக்கு! கன்ன கையில பிடிச்சா பெயிண்டர்னு நினைக்கறாங்க, பாதிக்கு மேல காசு தகரத்துலயும் உப்புத்தாள்லயும்தான் கரையுது.

சார் வீட்ல பண்ணுனதுக்கு 38,000 ஆயிருக்கு, கம்ப்ரஸர் வாடகை, கன், பெயிண்ட் எல்லாம் சேத்து. அத உரிச்சு எடுக்கவே எங்களுக்கு 6 நாள். சின்ன கம்ப்ரஸர் வச்சு முழு கார் அடிக்க முடியாது, பாதி டோர் தாண்டுறதுக்குள்ள காத்து இறங்கிடும், குழாய்ல தண்ணி வேற துப்பும். ஒரே ஒரு காருக்காக பெரிய கம்ப்ரஸர் வாங்குனீங்கன்னா மிச்சம் பண்ண நினைச்ச காசு அங்கயே போச்சு.

காச விடுங்க, நான் இத எழுத உக்காந்ததே அடுத்த விஷயத்துக்காகத்தான். பி.யூ. ஹார்டனர்ல ஐசோசயனேட்னு ஒண்ணு இருக்கு. தின்னர் மாதிரி மூக்குல ஏறி எச்சரிக்காது, வாசனை தெரியற அளவுக்கு முன்னாடியே உள்ள போயிடும். துணி மாஸ்க், கர்ச்சீப், கொரோனாவுக்கு வாங்குனது எதுவும் இதுக்கு ஆகாது. வெளிய இருந்து சுத்தமான காத்து குழாய்ல வர்ற மாஸ்க்தான் சரி. எனக்குத் தொழில் கத்துக்குடுத்த அண்ணன் வருஷக்கணக்கா கர்ச்சீப் கட்டி அடிச்சவரு, இப்ப பட்டறை வாசல்ல நின்னு பேசுவாரே தவிர உள்ள வரமாட்டாரு, ஹார்டனர் டப்பாவ தொறந்தா போதும் இளைப்பு வந்துடும். ஒருதடவ உடம்பு அதுக்கு அலர்ஜி ஆயிட்டா துளி பட்டாலும் ஆஸ்துமா கிளம்பும். போர்டிகோவுல அடிச்சா ஜன்னல் வழியா வீட்டுக்குள்ள போகும், உள்ள பேரப்பிள்ளைங்க இருக்கும். அதேமாதிரி பழைய பெயிண்ட்ல ஈயம் இருக்க வாய்ப்பு இருக்கு, அத காஞ்ச காகிதத்துல தேச்சு தூசி பறக்க விடாதீங்க.

அப்ப வீட்ல எதுவுமே பண்ணக்கூடாதான்னா, அப்படி இல்ல. சார்கிட்ட நான் சொன்ன கணக்கு இதுதான்: கழட்டறதும் மாட்டறதும் நீங்க, ஒவ்வொரு போல்ட்டையும் தனித்தனி கவர்ல போட்டு பேர் எழுதி போட்டோ எடுத்து வைங்க. தேய்க்கறதுல பாதி நீங்க. வெல்டிங், எபாக்சி பிரைமர், கடைசி கலர் நான். 18,000மும் தேய்க்கற கூலில 24,000மும் குறைஞ்சு 1,23,000க்கு வந்துச்சு. ரெண்டே கண்டிஷன். பட்டிய தண்ணி ஊத்தித் தேய்க்கக்கூடாது, அது ஸ்பாஞ்சு மாதிரி குடிச்சு வச்சுக்கிட்டு ஆறு மாசம் கழிச்சு கொப்புளமா துப்பும். வெறும் தகரமா ஒரு ராத்திரி கூட விடக்கூடாது, ஏற்காட்டு ஈரத்துக்கு விடிஞ்சா மஞ்சளா துருப் பூத்துடும், தகரம் தெரிஞ்ச பக்கம் அன்னைக்கே கீழ என்கிட்ட வந்துடணும்.

கலர் மாத்தலாமான்னும் கேட்டாரு. ஆர்.சி.யில இருக்கற கலர மாத்துனா ஆர்.டி.ஓ.வுல பதியணும்ங்க, அது தனி அலைச்சல். அதோட 2021ல வந்த விண்டேஜ் விதிப்படி முதல் ரெஜிஸ்ட்ரேஷன்ல இருந்து 50 வருஷம் தாண்டுன வண்டிக்கு தனிப் பதிவு உண்டு, பாடி ஷெல்ல மாத்தியிருந்தா கிடைக்காது. இந்த வண்டிக்கு 2028ல 50 ஆகும். அதனால மெட்டாலிக், அதுக்கு மேல கலரில்லாத கிளியர் கோட்னு ஆட்டம் போடாம பழைய கருநீலத்தையே நேரா பளபளப்பு வர்ற பி.யூ.ல அடிக்கலாம்னு முடிவு பண்ணோம், கிளியர் செலவும் மிச்சம், அந்தக் காலத்து வண்டிக்கு அந்தக் கண்ணாடி மினுமினுப்பு ஒட்டாதுன்றது என் அபிப்பிராயம்.

ரன்னிங் போர்டு ரெண்டும் வச்சாச்சு, டோர் நாலும் கழட்டி மேல கொண்டு போயிட்டாரு. ஒவ்வொண்ணா தேச்சு ஜீப்புல அனுப்பிட்டிருக்காரு, மூணு வந்துருச்சு. நாலாவது டோர அவரு பேரன் தேய்க்கறானாம், லீவு முடியறதுக்குள்ள அனுப்பறேன்னு சொல்லியிருக்காரு.