பசிபிசம்: அமைதிவாதமா, போர்மறுப்பா?

இந்தச் சொல்லில் முதல் வம்பு எழுத்திலேயே இருக்கிறது. போரை ஏற்காத கொள்கையைக் குறிக்கும் 'பசிபிசம்' என்பதில் ஒரு 'பி' விழுந்து ஒரு கால் ஏறினால் 'பாசிசம்' ஆகிவிடும். பொருள் நேர் எதிர். மெய்ப்புப் பார்ப்பவர் அசந்தால் அமைதி கேட்டவர் சர்வாதிகாரியின் ஆள் ஆகிவிடுவார். தமிழ்ச்சொல் தேடுவதற்கு இதுவே போதுமான காரணம்.

லத்தீனில் 'பாக்ஸ்' என்றால் அமைதி, 'ஃபாகெரே' என்றால் செய்தல். இரண்டும் கூடியதே பசிபிக். மகெல்லன் 1520-இல் அலை அடங்கிக் கிடந்த பெருங்கடலுக்கு வைத்த பெயரும் இதுதான். 'பசிபிசம்' என்ற கொள்கைப் பெயர் மிகவும் பிந்தியது. பிரெஞ்சு வழக்கறிஞர் எமில் அர்னோ உருவாக்கிய அச்சொல் 1901-இல் கிளாஸ்கோ உலக அமைதி மாநாட்டில் வழக்குக்கு வந்தது. நாடுகளின் பிணக்கைப் படையால் அல்லாமல் நடுவர் தீர்ப்பால் முடிக்க முயல்வோர் எல்லாரையும் அவர் அதில் அடக்கினார். முதல் உலகப்போரின்போது ஆங்கிலத்தில் பொருள் சுருங்கியது: எந்தப் போரையும், எக்காரணத்துக்காகவும் ஏற்காத நிலை. இன்று நாம் கடன் வாங்குவது இந்தச் சுருங்கிய பொருளைத்தான்.

'அமைதிவாதம்' பரவலாக இருந்தாலும் பொருத்தமில்லை. தமிழில் அமைதி என்பது பேசாதிருப்பதும்கூட. 'அமைதி காத்தார்' என்றால் வாய் திறக்கவில்லை என்று பொருள். கையெழுத்து வேட்டையாடிச் சிறைக்கும் போனவர்களுக்கு இந்தப் பெயரா? 'சமாதானம்' இன்னும் வழுக்கும்: 'சமாதானம் சொல்லாதே' என்றால் சாக்குச் சொல்லாதே. 'போர்மறுப்பு' நேராக நிற்கிறது. ஆள் போர்மறுப்பாளர், கொள்கை என்று சேர்த்தால் 'போர்மறுப்புக் கொள்கை', ஒற்று விடக்கூடாது.

பெரிய பிழை நேர்வது அறிவியலாளர்களைப் பற்றி எழுதும்போது. அமைதிக்காகக் குரல்கொடுத்தோர் அனைவரையும் பசிபிஸ்ட் என்று முத்திரை குத்திவிடுகிறோம். அவர்கள் கையெழுத்திட்ட தாளில் என்ன கேட்டிருந்தது என்று பார்த்தால் குழப்பம் தீரும். 1945 ஜூலையில், அமெரிக்க அணுகுண்டுத் திட்டத்தில் இருந்த இயற்பியலாளர் லியோ சிலார்டு தயாரித்த மனுவில் 70 பேர் கையொப்பமிட்டனர். ஜப்பான் மீது விதிக்கும் நிபந்தனைகளைப் பகிரங்கமாக அறிவித்து, அவற்றை அறிந்தும் அந்நாடு சரணடைய மறுத்தாலன்றி அணுகுண்டு வீசலாகாது என்பதே கோரிக்கை. போரை நிறுத்து என்றல்ல. 1958 ஜனவரியில் அமெரிக்க வேதியியலாளர் லைனஸ் பாலிங் ஐ.நா.விடம் கொடுத்த மனுவில் 9,000-க்கும் மேற்பட்ட அறிவியலாளர்களின் கையெழுத்து இருந்தது. அது கேட்டது அணுகுண்டுச் சோதனைகளை நிறுத்தும் ஒப்பந்தம். வெடிப்பில் கிளம்பும் ஸ்ட்ரான்சியம்-90 கால்சியம் போலவே நடந்துகொள்ளும்; புல்லிலிருந்து பசும்பாலுக்கும், பாலிலிருந்து குழந்தைகளின் எலும்புக்கும் பல்லுக்கும் போய்ச்சேரும். 1963 மாஸ்கோ ஒப்பந்தம் காற்றுவெளி, விண்வெளி, நீரடிச் சோதனைகளைத் தடுத்தது. நிலத்தடிச் சோதனையை விட்டுவைத்தது.

ஆகவே சிலார்டு மனுவில் ஒப்பமிட்டவர்களை 'அணுகுண்டு வீச்சுக்கு வரம்பு கோரியோர்' என்றும், பாலிங் மனுவில் ஒப்பமிட்டவர்களை 'அணுச்சோதனை எதிர்ப்பாளர்' என்றும் எழுதலாம். கொஞ்சம் நீளம்தான், ஆனால் பொய்யில்லை. பொதுவாகச் சொல்ல 'அமைதி இயக்கத்தார்' போதும்.

ஐன்ஸ்டைனுக்கு மட்டும் ஆண்டையும் சேர்த்தே எழுத வேண்டும். 1930-இல், படைக்கு அழைக்கப்படுவோரில் 2 விழுக்காட்டினர் மறுத்தாலே அரசுகள் செயலிழக்கும் என்று நியூயார்க்கில் பேசியவர் போர்மறுப்பாளர். ஹிட்லர் வந்தபின், 1933-இல், தாம் பெல்ஜியராக இருந்தால் படைப்பணியை மறுக்கமாட்டேன் என்று எழுதியவரை அப்படி அழைக்க முடியாது. 1939-இல் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்டுக்கு அணுகுண்டு பற்றிய கடிதத்தில் கையெழுத்திட்டதும் அவரே. 1953-இல் ஜப்பானியர் ஒருவர் இதைக் கேட்டபோது, தாம் உறுதியான பசிபிஸ்ட், ஆனால் முற்றான பசிபிஸ்ட் அல்ல என்று பதில் எழுதினார். அங்கே 'முற்றான' என்ற அடையை மொழிபெயர்ப்பில் விட்டுவிட்டால், அவர் சொன்னதே தலைகீழாகிவிடும்.