உறுதிமொழி: சொல்லும் பொருளும்

பள்ளிக் காலைக் கூட்டத்தில் வலக்கையை முன்னே நீட்டிக் குழந்தைகள் ஒரே குரலில், 'இந்தியா எனது நாடு. இந்தியர் அனைவரும் என் உடன் பிறந்தவர்கள்' என்று சொல்லத் தொடங்கும் வாசகமே உறுதிமொழி. விசாகப்பட்டினத்தில் கருவூல அதிகாரியாக இருந்த பைடிமர்ரி வெங்கட சுப்பாராவ் 1962ஆம் ஆண்டு இதைத் தெலுங்கில் எழுதினார். 1965 ஜனவரி 26 முதல் இது நாடு முழுவதற்கும் உரியதாயிற்று. தெலுங்கில் இதன் பெயர் 'பிரதிக்ஞ'.

தமிழிலும் பிரதிக்ஞை என்ற வடசொல் வழங்கியதுண்டு. 'அறிதல்' என்னும் பொருளுடைய வேரிலிருந்து வந்த அச்சொல், ஒன்றை ஏற்று அறிவித்தலைக் குறிக்கும். சபதம் என்பதும் வடசொல்லே. ஆனால் அதன் வேருக்குச் சபித்தல் என்ற பொருளும் உண்டு. பழந்தமிழ்ச் சொற்களான வஞ்சினமும் சூளும் இவ்வகையில் சபதத்துக்கு நெருங்கியவை. புறநானூற்றின் 71, 72, 73ஆம் பாடல்களில் அரசர்கள் 'பகைவரை வெல்லாவிடில் இன்ன பழி எனக்கு நேர்க' என்று தம்மீதே கேட்டை வருவித்துக்கொண்டு பேசுவது வஞ்சினம். அகப்பாடல்களில் தலைவன் தெய்வத்தை முன்னிறுத்திச் செய்வது சூள். அது பொய்த்தால் தெய்வம் வருத்தும் என்று தலைவி அஞ்சுவாள்.

உறுதிமொழியில் இத்தகைய அச்சுறுத்தல் ஏதுமில்லை. உறுதி என்பதற்கு இன்று திண்மை என்றே பொருள்கொள்கிறோம். பழைய வழக்கில் அதற்கு நன்மை என்ற பொருளும் உண்டு. 'இறைவற்கு உறுதி பயப்பதாம் தூது' என்னும் குறளிலும் (690), அறம் முதலிய நான்கையும் உறுதிப்பொருள் என்று சொல்லும் மரபிலும் அப்பொருளைக் காணலாம். ஆகவே பள்ளிக் குழந்தைகளுக்குச் சபதத்தைவிடவும் சூளுரையைவிடவும் உறுதிமொழி என்ற சொல்லே பொருத்தமானது என்பது என் கருத்து.

சிறு குழந்தைகளுக்கு இவ்வாசகத்தின் பொருளைச் சொல்ல அகராதியைவிட அதில் வரும் வினைமுற்றுகளே எளிய வழி. 'நேசிக்கிறேன்' என்பது இப்போது உள்ளது. 'பாடுபடுவேன்', 'மதிப்பேன்' ஆகியவை இனிச் செய்யப்போவது. எல்லாரும் சேர்ந்து சொன்னாலும் முடிவில் நிற்பது 'ஏன்' என்னும் தன்மை ஒருமை விகுதியே. 'ஓம்' என்று அது முடிவதில்லை. முதல் வகுப்புப் பிள்ளையிடம் 'பன்முக மரபு' என்ற தொடரை விளக்க முயல்வதைவிட, 'மூத்தோரை மதிப்பேன் என்றாயே, இன்று யாரை, எப்படி மதித்தாய்?' என்று கேட்பது பயன் தரும். கடினமான தொடர்களைப் பின்னர்க் கற்றுக்கொள்ளலாம்.

சிங்கப்பூர்த் தமிழர் தம் நாட்டு உறுதிமொழிக்குப் 'பற்றுறுதி' என்ற சொல்லை ஆள்கின்றனர். யாழ்ப்பாணத்தில் பிறந்த, அப்போதைய சிங்கப்பூர் வெளியுறவு அமைச்சர் சி. இராசரத்தினம் 1966இல் வரைந்த அந்நாட்டு வாசகம் 'நாம்' என்று பன்மையில் பேசுவது. நாட்டின்மீது கொள்ளும் பற்றைச் சொல்லிலேயே காட்டுவதால் பற்றுறுதி அங்கு நன்றாகவே பொருந்துகிறது. உறுதிமொழியோ தேர்தல், போக்குவரத்து, தீண்டாமை ஒழிப்பு என எதற்கும் எடுத்துக்கொள்ளக்கூடிய பொதுச்சொல்.