பிளட் கல்ச்சர்: வளர்வது குருதி அல்ல

ரத்தத்தில் கிருமி இருக்கிறதா என்று வளர்த்துப் பார்க்கும் பிளட் கல்ச்சருக்கு 'ரத்தக் கலாச்சாரப் பரிசோதனை' என்ற தொடர் மருத்துவச் செய்திகளில் இன்னும் ஒழிந்தபாடில்லை. கல்ச்சர் என்பதன் லத்தீன் வேர் நிலத்தை உழுது பயிரிடுவதைக் குறித்தது. பண்பாடு என்ற பொருள் பின்னால் ஏறியது. ஆய்வகம் எடுத்துக்கொண்டதோ பயிரிடும் பொருளை. கலாச்சாரம் மொழிபெயர்ப்பு எந்திரம் செய்த கூத்து, அதோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

மல்லுக்கட்ட வேண்டியது 'குருதி வளர்ப்பு' என்ற நல்ல தமிழோடு. மீன் வளர்ப்பில் மீன் வளர்கிறது, தேனீ வளர்ப்பில் தேனீ. குருதி வளர்ப்பில் குருதியா வளர்கிறது? சோகை உள்ளவர் கேட்டால் ரத்தம் ஊறுவதற்கான சிகிச்சை என்றே நினைப்பார். உண்மையில் வளர்வது ரத்தத்தில் இருக்கும் கிருமி. அதுவும் பெரியவர்களுக்கு ஒரு மில்லியில் ஒன்றிரண்டோ அதைவிடக் குறைவாகவோதான் பல வேளைகளில் இருக்கும். அதனால்தான் கிருமிக்கான ஊட்டத் திரவம் உள்ள குப்பிக்கு 8 முதல் 10 மில்லி ரத்தம், ஒரு முறைக்கு இரண்டு குப்பி (ஒன்று காற்றுள்ள சூழலுக்கு, மற்றது காற்றில்லாததற்கு), இரு வேறு இடங்களில் குத்தி எடுப்பது என்றெல்லாம் கேட்கிறார்கள். 3 மில்லியோடு நிறுத்திவிட்டால் கிருமி சிக்காமலே போகலாம்.

ஆகவே 'குருதிக்கிருமி வளர்ப்பு' என்பதே சரி. கிருமி வடசொல் என்று முகம் சுளிப்பவர்கள் 'நுண்ணுயிர்' போட்டுக்கொள்ளட்டும். எது வளர்கிறது என்பதை மட்டும் விழுங்கிவிடக் கூடாது.

விழுங்கியதன் விளைவு இப்போது 'விரைவுக் குருதி வளர்ப்பு' என்று வந்து நிற்கிறது. எந்தப் புதுக் கருவி வந்தாலும் இந்தப் பெயர்தான். ஆனால் வளர்ப்பை யாரும் விரைவாக்கவில்லை! குப்பி கருவிக்குள் 35-37 டிகிரியில் இருக்கிறது. கிருமி பெருகிக் கரியமிலவாயு விட்டதும் அடியிலுள்ள உணரி மாறுகிறது, கருவி அறிவிக்கிறது. பெரும்பாலும் முதல் இரண்டு நாளுக்குள் இது நடந்துவிடும். ஒன்றும் வராத குப்பியை 5 நாள் வரை வைத்திருப்பார்கள். விரைவு என்பது அறிவிப்புக்குப் பிறகு வருவது. முன்பெல்லாம் கிருமியின் வகை தெரியக் கிராம் சாயம் ஏற்றிப் பார்த்து, ஊட்டக்கூழ் தட்டில் பரப்பி, மறுநாள் முளைத்ததை எடுத்து இனம் கண்டு, எந்த மருந்து கேட்கும் என்று பார்க்க இன்னொரு நாள் ஆகும். இப்போது மால்டி-டாஃப் கருவி புரதங்களின் எடையைப் பார்த்துச் சில நிமிடங்களில் இனம் சொல்கிறது. மரபணுவைப் பெருக்கிக் கண்டறியும் பிசிஆர் தொகுப்பு சுமார் ஒரு மணி நேரத்தில் இனத்தோடு மெக்ஏ போன்ற மருந்தெதிர்ப்பு மரபணுவையும் காட்டுகிறது. குப்பித் திரவத்தை நேரே தட்டில் பரப்பி, மருந்து வில்லை வைத்து 4, 6, 8 மணி நேரத்தில் வில்லையைச் சுற்றிக் கிருமி வளராத வளையத்தை அளக்கும் முறையை, மருந்து கேட்குமா என்று பார்க்கும் சோதனைகளுக்கான ஐரோப்பியக் குழுவான யூகாஸ்ட் வகுத்திருக்கிறது. இவற்றுக்குச் சரியான பெயர் 'வளர்ப்புக்குப் பின் விரைவறிதல்'. வளர்ப்பே இல்லாமல் ரத்தத்திலிருந்து நேரடியாக மரபணு தேடும் முறை வேறு. அதை 'நேரடி அறிதல்' என்க. இரண்டையும் ஒரே பெயரில் அடைத்தால், குப்பி வைத்த ஒரு மணி நேரத்தில் முடிவு வரும் என்று உறவினர்கள் காத்திருப்பார்கள்.

போகிற போக்கில் இரண்டு. கன்டாமினேஷனுக்குக் 'கலப்படம்' என்கிறார்கள். கலப்படம் ஏமாற்றுவதற்காகச் செய்வது. இங்கே நடப்பது, குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி தடவிய இடம் உலரும் முன் ஊசி குத்தியதால் தோலிலிருக்கும் ஸ்டாஃபைலோகாக்கஸ் கிருமி குப்பிக்குள் போவது. 'தோற்கிருமிக் கலப்பு' போதும். அடுத்தது 'நேர்மறை முடிவு'. கேட்பவர் நல்ல செய்தி என்று நிம்மதியடைகிறார். 'கிருமி வளர்ந்துள்ளது', 'கிருமி வளரவில்லை' என்று எழுத மொழிபெயர்ப்பாளருக்கு என்ன கஷ்டம்?