அந்த மன்னிப்புக் கடிதத்தை யார் சொல்லி எழுதினீர்கள்?

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, இரவு ஒன்பதரை மணி. போனில் ஒரு அப்பா அழுதார். மகன் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. கடவுளைக் கிண்டல் செய்யும் மீம் ஒன்றை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்திருக்கிறான். யாரோ ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் புகார் கொடுத்துவிட்டார்கள். பையன் ஸ்டேஷனில். (இந்தக் கைதுகள் ஏன் வெள்ளிக்கிழமை சாயங்காலமாகப் பார்த்து வருகின்றன என்று எந்த ஜூனியர் வக்கீலைக் கேட்டாலும் சொல்வார்.)

கைதுகூட எனக்குப் பெரிதாகப் படவில்லை. அதற்கு முன்பே, புகார் கொடுத்த தரப்பிலிருந்து நாலு பேர் வீட்டுக்கு வந்து ஒரு கடிதம் வாங்கியிருக்கிறார்கள். "மத நம்பிக்கையுள்ளவர்களின் மனதை வேண்டுமென்றே புண்படுத்தும் நோக்கத்துடன் பதிவிட்டேன், மன்னிக்கவும்." பத்தொன்பது வயதுப் பையன் தானாக எழுதுகிற வாக்கியமா இது? அதையே படிக்கச் சொல்லி வீடியோ எடுத்து, அவன் கணக்கிலேயே போடவும் வைத்துவிட்டார்கள். "மன்னிப்புக் கேட்டா விட்டுடுவோம்னு சொன்னாங்க சார்." விடவில்லை. வீடியோவையும் புகாரோடு சேர்த்துக் கொடுத்தார்கள். இந்த வருடம் என்னிடம் வந்த நான்காவது மன்னிப்பு வீடியோ இது.

தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. ஏனென்றால் சட்டம் கேட்பதே அந்த 'வேண்டுமென்றே'யைத்தான்.

மனம் புண்பட்டாலே குற்றம் என்று எல்லோரும் நம்புகிறார்கள். புகார் கொடுப்பவர் நம்புகிறார், சில நேரம் எஃப்ஐஆர் எழுதுபவர் நம்புகிறார், அதைவிடக் கொடுமை, கைதானவரின் குடும்பமும் நம்புகிறது. அப்படி எந்தச் சட்டமும் இந்த நாட்டில் இல்லை. பேச்சுரிமைக்கு எந்தெந்தக் காரணங்களுக்காகக் கட்டுப்பாடு விதிக்கலாம் என்று அரசியலமைப்பின் பிரிவு 19(2) வரிசையாகச் சொல்கிறது. அந்த வரிசையில் 'மத உணர்வு' இல்லை. 'பொது ஒழுங்கு' இருக்கிறது. மத உணர்வை வேண்டுமென்றே புண்படுத்துவதைத் தண்டிக்கும், பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 295ஏ அந்த இழையைப் பிடித்துத்தான் பிழைத்தது. லாகூரில் வெளியான ஒரு நூல் வழக்கில் பதிப்பாளர் விடுதலையானதைத் தொடர்ந்து 1927-ல் வெள்ளைக்காரன் கொண்டுவந்த பிரிவு அது. 2024 ஜூலை 1 முதல், பழைய சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் பிரிவு 299 என்று பெயர் மாறியிருக்கிறது. மூன்று ஆண்டு வரை சிறை. ஜாமீன் உரிமையாகக் கிடைக்காத குற்றம், நீதிமன்றம் மனம் வைத்தால்தான்.

1957-ல் ராம்ஜிலால் மோடி வழக்கில் இந்தப் பிரிவு செல்லும் என்று சொன்ன அதே உச்ச நீதிமன்றம்தான் அதன் எல்லையையும் வரைந்தது: தெரியாமலோ கவனக்குறைவாகவோ, திட்டமிட்ட தீய எண்ணம் இல்லாமலோ செய்யப்படும் அவமதிப்பு இதில் வராது. தோனியை விஷ்ணுவாக வரைந்த பத்திரிகை அட்டைக்காக அவர்மேல் போட்ட வழக்கை 2017-ல் ரத்து செய்தபோதும் அதையேதான் சொன்னது. ஆக, எத்தனை பேர் புண்பட்டார்கள் என்பது கேள்வியே இல்லை. உங்கள் எண்ணம் என்ன என்பதுதான் கேள்வி. அதை அரசுத் தரப்பு நிரூபித்தாக வேண்டும். நீங்களாகவே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், அவர்கள் எதற்குச் சிரமப்பட வேண்டும்?

போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் சாட்சியமாகாதே என்று விவரம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். உண்மைதான். ஆனால் அந்த வீடியோ போலீஸிடம் சொன்னதல்ல, ஊருக்குச் சொன்னது. மிரட்டி வாங்கியது என்று நான் வாதாடலாம், வாதாடுவேன். அந்த வேலையே வந்திருக்க வேண்டாம் என்கிறேன்.

இன்னொரு பக்கம், "கேஸ் நிக்காது சார், கருத்துச் சுதந்திரம்" என்று மார்தட்டுபவர்கள். கேஸ் நிற்காமல் போகலாம். அதுவரை நீதிமன்ற வராந்தாவில் நிற்கப்போவது நீங்கள். இந்தப் பிரிவில் வழக்கை நீதிமன்றம் விசாரணைக்கு எடுக்க அரசின் முன் அனுமதி வேண்டும். கைது செய்ய அது வேண்டியதில்லை. ஓட்டை அங்கேதான்.

"நான் எழுதலியே, ஃபார்வர்டுதானே" என்பதும் வேண்டாம். எஸ்.வி. சேகர் 2018-ல் பெண் பத்திரிகையாளர்கள் குறித்த ஒரு பதிவைப் பகிர்ந்த வழக்கு மதம் சம்பந்தப்பட்டதல்ல. ஆனால் பகிர்ந்தவரும் பொறுப்புத்தான், அழித்துவிட்டு மன்னிப்புக் கேட்டாலும் வழக்கு இல்லாமல் போய்விடாது என்பதைச் சென்னை உயர் நீதிமன்றம் 2023-ல் தெளிவாகவே சொல்லிவிட்டது. உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்தது.

சரி, போன் வந்துவிட்டது, ஸ்டேஷனுக்கு வரச் சொல்கிறார்கள். முதலில் வக்கீலைக் கூப்பிடுங்கள், மாமாவின் நண்பரான கவுன்சிலரை அப்புறம் கூப்பிடலாம். எழுத்தில் நோட்டீஸ் கேளுங்கள். ஏழு ஆண்டு வரை தண்டனையுள்ள குற்றங்களில் இயந்திரம்போலக் கைது செய்யக் கூடாது என்று 2014-லேயே உச்ச நீதிமன்றத்தின் அர்னேஷ் குமார் தீர்ப்பு வந்தாயிற்று. நோட்டீஸ் கொடுத்து வரவழைப்பதுதான் முறை. அந்த நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்புவது செல்லாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதற்காக, பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடாதீர்கள். என்னிடம் அனுப்புங்கள். 2025 மார்ச்சில், எம்பி இம்ரான் பிரதாப்கடி பதிவிட்ட கவிதைக்காகப் போட்ட எஃப்ஐஆரை ரத்து செய்தபோது, பேச்சு தொடர்பான இப்படிப்பட்ட புகார்களில் முதலில் பூர்வாங்க விசாரணை நடத்துவதே பொருத்தம் என்றது அதே நீதிமன்றம். டிஎஸ்பி அனுமதியோடு, பதினான்கு நாளுக்குள். இது நடந்ததா என்று கேட்க ஒரு வக்கீல் பக்கத்தில் இருக்க வேண்டும்.

போனை ஃபார்மட் அடிக்காதீர்கள், தயவுசெய்து. சாட்சியத்தை அழித்தது என்று தனிப் பிரிவு ஏறும். போனை வாங்கிக்கொண்டால் மகஜர் (பறிமுதல் செய்ததற்கான பதிவு) நகல் கேளுங்கள். கைது என்றால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள், நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டிய இருபத்து நான்கு மணி நேரக் கணக்கு அங்கிருந்து ஓடுகிறது.

வருத்தம் தெரிவிக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. நிஜமாகவே வருத்தமாக இருந்தால் சொல்லுங்கள். "யாரையும் இழிவுபடுத்தும் எண்ணம் எனக்கு இல்லை" என்று உங்கள் வார்த்தையில், உங்கள் வக்கீல் ஒருமுறை படித்துப் பார்த்த பிறகு. வாசலில் நிற்பவர்கள் சொல்லச் சொல்ல எழுதாதீர்கள்.

அந்தப் பையனுக்குப் புதன்கிழமை ஜாமீன் கிடைத்தது. தினமும் காலை பத்தரைக்கு ஸ்டேஷனில் கையெழுத்து. முதல் வகுப்பு முடிந்த பிறகுதான் கல்லூரிக்குப் போகிறான். ஸ்டேட்டஸில் வைத்த மீம் இருபத்து நான்கு மணி நேரத்தில் மறைந்துவிட்டது. மன்னிப்பு வீடியோ நேற்றுகூட எனக்கு ஒரு குழுவில் வந்தது.