பெட்ரோல் பிக்கப்பில் டீசல் எஞ்சின்: எஞ்சின் தேடும் முன் பிரேக்கைப் பாருங்கள்

"பிரேக் ரொம்ப கெட்டியா இருக்குண்ணே, பேடு மட்டும் மாத்திடுங்க" என்று சொல்லித்தான் ஒருவர் தன் பிக்கப்பை என் பட்டறையில் விட்டுவிட்டுப் போனார். பானெட்டைத் திறந்தால் உள்ளே டீசல் எஞ்சின். வண்டி பெட்ரோலாக வந்தது, வேறொரு பட்டறையில் எஞ்சினை மாற்றியிருக்கிறார்கள். பார்வைக்கு வேலை சுத்தமாகத்தான் இருந்தது, மவுண்டிங் வெல்டிங்கில் குறை சொல்ல முடியாது. பேடைக் கழற்றுவதற்கு முன் வழக்கமாகச் செய்யும் சோதனையைச் செய்தேன். எஞ்சின் ஓடாமல் இருக்கும்போது பெடலை நாலைந்து தடவை அழுத்த வேண்டும், கெட்டியானதும் காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்ய வேண்டும், கால் அழுத்தத்துக்கு உதவும் பூஸ்டர் வேலை செய்தால் பெடல் காலுக்கடியில் கொஞ்சம் தானாக இறங்கும். இறங்கவே இல்லை. பூஸ்டருக்குப் போகும் ஹோஸை இன்டேக் மேனிஃபோல்டிலிருந்து (எஞ்சினுக்குக் காற்று போகும் குழாய்) உருவி, வாயில் பெருவிரலை வைத்து மூடிப் பார்த்தேன். துளி இழுப்பு கிடையாது.

காரணம் சின்னதுதான். பெட்ரோல் எஞ்சினில் காற்றை மறிக்க ஒரு த்ராட்டில் வால்வு இருக்கும். ஆக்சிலரேட்டரை விட்டதும் அது மூடிக்கொள்ளும், அதற்குப் பின்னால் மேனிஃபோல்டில் வெற்றிடம் உண்டாகும், அந்த வெற்றிடத்தை வைத்துத்தான் பூஸ்டர் நம் கால் அழுத்தத்தைப் பெருக்கிக் கொடுக்கிறது. டீசலில் வேகத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் பீய்ச்சும் டீசலின் அளவை வைத்து. பழைய டீசல்களில் காற்றுக்குத் தடையே கிடையாது, எனவே வெற்றிடமும் கிடையாது. மாற்றியவர் பழைய ஹோஸை அப்படியே புது மேனிஃபோல்டில் சொருகிவிட்டார். அந்த மனிதர் இரண்டு மாதம் லோடு ஏற்றிக்கொண்டு வெறும் கால் பலத்தில் வண்டியை நிறுத்திக்கொண்டிருந்தார். பேடு புதுசு மாதிரி இருந்தது, அதில் ஒரு தப்பும் இல்லை.

இந்த மாற்றத்தைப் பற்றி யார் கேட்டாலும் முதல் கேள்வி "எந்த எஞ்சின் உட்காரும்?" என்பதுதான். நேரமும் வெல்டிங் மிஷினும் இருந்தால் எந்த எஞ்சினையும் உட்கார வைத்துவிடலாம். சிக்கல் எல்லாம் அதைச் சுற்றி இருக்கிறது, ஏனென்றால் பிரேக், ஸ்பிரிங், கியர், டேங்க், மீட்டர் என்று வண்டியில் இருக்கும் ஒவ்வொன்றும் பெட்ரோல் எஞ்சினை நம்பிச் செய்யப்பட்டது.

எடையை எடுத்துக்கொள்வோம். இந்த வேலைக்குப் பலரும் தேடுவது கம்மின்ஸ் 4பிடி, 3.9 லிட்டர், நாலு சிலிண்டர். நாலு சிலிண்டர்தானே என்று நினைப்பார்கள், எடை சுமார் 340 கிலோ. வார்ப்பிரும்பில் செய்த பெட்ரோல் வி8 பலவும் இதைவிட லேசு! எட்டு சிலிண்டரை எடுத்துவிட்டு நாலு சிலிண்டரை வைத்தாலும் முன்பக்கம் தாழும், முன் ஸ்பிரிங் மாற்ற வேண்டும், வீல் அலைன்மென்ட் மறுபடி செய்ய வேண்டும். எஞ்சினுக்கு அடியில் எண்ணெய் நிற்கும் ஆயில் சம்ப் முன் ஆக்சிலிலோ ஸ்டியரிங் ராடிலோ இடிக்கிறதா என்பதை வண்டி தரையில் நிற்கும்போது மட்டும் பார்த்தால் போதாது, ஸ்பிரிங் முழுக்க அமுங்கினால் எவ்வளவு இடைவெளி மிஞ்சும் என்று பார்க்க வேண்டும். நின்ற இடத்தில் இரண்டு விரல் இடைவெளி இருந்த வண்டி, முதல் பெரிய பள்ளத்திலேயே சம்பை உடைத்துக்கொண்டு வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது கியர் கணக்கு. இதைப் போடாமல் எஞ்சின் வாங்குகிறவர்கள்தான் அதிகம், இத்தனைக்கும் இது ஒரு காகிதத்தில் முடிகிற வேலை. டயர் ஒரு சுற்றில் 2.2 மீட்டர் ஓடுகிறது என்று வையுங்கள். மணிக்கு 100 கிலோமீட்டரில் சக்கரம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 758 சுற்று சுற்றும். டிஃபரன்ஷியல் விகிதம் 4.10, டாப் கியர் நேரடி (1:1) என்றால் எஞ்சின் 3,100 ஆர்பிஎம்மில் இருக்க வேண்டும். பெட்ரோலுக்கு அது சர்வசாதாரணம். ஆனால் 2,500 ஆர்பிஎம்மில், எஞ்சின் சுற்றுக்கு வரம்பு கட்டும் கவர்னர் பிடித்துக்கொள்ளும் ஒரு பழைய டீசலுக்கு அந்த வண்டியில் மணிக்கு 80 கிலோமீட்டர்தான் எல்லை. அதற்கு மேல் எவ்வளவு மிதித்தாலும் சத்தம்தான் வரும். விகிதத்தை 3.07 ஆக மாற்றினால் அதே 100 கிலோமீட்டருக்கு 2,300 சொச்சம் போதும். டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் கிரவுன் பினியன் பல்சக்கரங்களை மாற்றுவது, இல்லை ஓவர்டிரைவ் உள்ள கியர்பாக்ஸைப் போடுவது, இரண்டில் ஒன்று செய்தே ஆக வேண்டும். எப்படியும் அந்தப் பழைய கிளட்சை அப்படியே விட்டுவிடாதீர்கள், டீசலின் இழுவை குறைந்த சுற்றிலேயே முழுசாக வந்து விழும்.

அடாப்டர் பிளேட் போட்டு எஞ்சினையும் கியர்பாக்ஸையும் சேர்க்கும் இடத்தில் டயல் கேஜ் வைத்து மையம் பார்க்கச் சொல்லுங்கள். 0.13 மில்லிமீட்டருக்கு மேல் விலகியிருந்தால் இன்புட் ஷாஃப்ட் பேரிங் கத்த ஆரம்பிக்கும். "கண்ணுக்கே தெரியுது, நேராத்தான் இருக்கு" என்கிற மெக்கானிக்கிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

சிலர் வேறு யோசனையோடு வருவார்கள். எஞ்சினை மாற்றாமல், இருக்கும் பெட்ரோல் எஞ்சினையே டீசலாக்க முடியாதா என்று. சாதாரண பெட்ரோல் எஞ்சினின் கம்ப்ரஷன் விகிதம், அதாவது சிலிண்டருக்குள் காற்றை எத்தனை மடங்கு அமுக்குகிறது என்பது, பெரும்பாலும் 9 முதல் 11 வரை இருக்கும். டீசல் தானாகப் பற்றிக்கொள்ளப் பொதுவாக 14க்கு மேல் வேண்டும், பழையவற்றில் 22 வரைகூடப் போகும். ஜெனரல் மோட்டார்ஸ் 1978இல் தன் பெட்ரோல் வி8இன் வடிவத்தை வைத்தே ஓல்ட்ஸ்மொபைல் 5.7 லிட்டர் டீசலைக் கொண்டுவந்தபோது பிளாக்கைக் கனமாகத்தான் வார்த்தார்கள். ஆனால் ஹெட் போல்ட்டுகளின் எண்ணிக்கையையும் இடத்தையும் பெட்ரோல் எஞ்சினில் இருந்த மாதிரியே விட்டுவிட்டார்கள். கம்ப்ரஷன் 22.5. போல்ட் நீண்டது, ஹெட் கேஸ்கெட் போனது, போதாக்குறைக்கு டீசலில் வரும் தண்ணீரைப் பிரிக்கும் வடிகட்டியும் வைக்கவில்லை, பம்ப் துருப்பிடித்தது. 1985இல் நிறுத்திவிட்டார்கள். அவ்வளவு பெரிய கம்பெனிக்கே அந்தக் கதி, பட்டறையில் ஹெட்டை மட்டும் மாற்றி ஒப்பேற்றலாம் என்று யாராவது சொன்னால் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

டேங்குக்கு வருவோம். பெட்ரோலை ஒரு சொட்டு மிச்சமில்லாமல் வடித்துக் கழுவ வேண்டும், ஏனென்றால் டீசல் பம்புக்கு உள்ளே டீசல்தான் உராய்வைக் குறைக்கும் எண்ணெயும்கூட. காமன் ரெயில் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே குழாயில் உயர் அழுத்தத்தில் டீசல் போகும் புது முறை) பம்பாக இருந்தால் பெட்ரோல் கலந்ததில் உள்ளே இரும்புத் துகள் உதிர்ந்து, ரெயில், இன்ஜெக்டர் எல்லாவற்றையும் கூடவே இழுத்துக்கொண்டு போகும். மிஞ்சிய டீசல் திரும்பி வரும் ரிட்டர்ன் லைனுக்கு டேங்கில் வழி இருக்கிறதா பாருங்கள். தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர் கட்டாயம். அப்புறம் ஒரு அற்ப விஷயம். பல பெட்ரோல் வண்டிகளில் டேங்க் வாய் குறுகலாக இருக்கும், பெரிய டீசல் நாசில் அதில் நுழையாது. உள்ளே இருக்கும் தகட்டை உடைத்து வாயை அகலமாக்கிவிடுவார்கள், ஆனால் மூடியில் ஒட்டியிருக்கும் "பெட்ரோல் மட்டும்" ஸ்டிக்கரை அப்படியே விட்டுவிடுவார்கள். பங்க்கில் நிற்பவர் அதைப் படித்துவிட்டு எதை நிரப்புவார்? முதல் வேலையாக அதைச் சுரண்டி எடுத்துவிட்டு டீசல் என்று பெரிதாக எழுதுங்கள்.

ஒயரிங்கில் மெக்கானிக்கல் பம்ப் உள்ள எஞ்சின் சுலபம், டீசலைத் திறந்து மூடும் மின் வால்வான பம்பின் ஸ்டாப் சாலினாய்டுக்கு ஒரே ஒரு ஒயர் போனால் ஓடும். அந்த ஒரு ஒயரிலும் தடுக்கி விழுகிறவர்கள் உண்டு. பழைய பெட்ரோல் வண்டியில் ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயிலின் ஒயரில் ரெசிஸ்டர் இருக்கும், முழு 12 வோல்ட் வராது, அதை சாலினாய்டுக்குக் கொடுத்துவிட்டு வண்டி ஏன் பிடிக்கவில்லை என்று பம்பைக் கழற்றிக்கொண்டிருப்பார்கள். காயில் இல்லாததால் ஆர்பிஎம் மீட்டரும் செத்துவிடும், அதற்கு ஆல்டர்நேட்டரின் டபிள்யூ முனையிலிருந்து சிக்னல் எடுக்கலாம், மீட்டர் அதற்கு ஏற்றதாக இருக்க வேண்டும். காமன் ரெயில் எஞ்சின் என்றால் கதையே வேறு. அதன் ஈசியூ (எஞ்சினை இயக்கும் கம்ப்யூட்டர்), ஒயரிங் முழுசும், ஆக்சிலரேட்டர் பெடல், திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசர், சாவி வரை ஒரே வண்டியிலிருந்து வர வேண்டும்.

அதனால்தான் என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்வது, உங்கள் பிக்கப்பின் அதே மாடலை அதன் கம்பெனியே டீசலிலும் விற்றிருக்கிறதா பாருங்கள். டொயோட்டா ஹைலக்ஸ் மாதிரி இரண்டு எரிபொருளிலும் வந்த வண்டிகள் உண்டு. அப்படியானால் எஞ்சினை மட்டும் வாங்காதீர்கள், விபத்தில் அடிபட்ட ஒரு முழு டீசல் வண்டியையே வாங்குங்கள். மவுண்டிங், ரேடியேட்டர், டேங்க், ஒயரிங், முன் ஸ்பிரிங், மீட்டர் எல்லாம் அதில் இருக்கும், போல்ட்டைக் கழற்றி போல்ட்டைப் பூட்டுகிற வேலையாக முடியும்.

கையை வைக்கும் முன் பதிவு அலுவலகத்திலும் காப்பீட்டிலும் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். புகை விதிகளால் சில இடங்களில் இந்த மாற்றத்தை அனுமதிக்கவே மாட்டார்கள், அது எஞ்சின் வாங்கிய பிறகு தெரிந்து ஒரு பயனும் இல்லை.

லாபக் கணக்கை லிட்டரில் போடுங்கள். 100 கிலோமீட்டருக்கு 14 லிட்டர் பெட்ரோல் குடித்த வண்டி 10 லிட்டர் டீசலில் ஓடுகிறது, இரண்டும் ஒரே விலை என்று வைத்தால் மிச்சம் 4 லிட்டர். மாற்றும் செலவு 4,000 லிட்டருக்குச் சமம் என்றால், போட்ட காசை எடுக்கவே 1,00,000 கிலோமீட்டர் ஓட்ட வேண்டும். இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டுப் பாதிப் பேர் பழைய வண்டியை விற்றுவிட்டு டீசல் வண்டியாகவே வாங்கிக்கொள்கிறார்கள். எனக்கு ஒரு வேலை குறைகிறது, பரவாயில்லை.

அந்த பிக்கப்புக்கு, முதுகில் வேக்குவம் பம்போடு வரும் ஆல்டர்நேட்டரைப் போட்டேன். அதற்கு எஞ்சினிலிருந்து ஆயில் லைன் ஒன்று, சம்புக்குத் திரும்ப ஒன்று, பூஸ்டர் ஹோஸில், காற்றை ஒரே திசையில் மட்டும் விடும் புது செக் வால்வு ஒன்று. அவர் வந்ததும் நான் எதுவும் விளக்கவில்லை, உட்கார வைத்து பெடலை நாலு தடவை அழுத்தச் சொல்லி, அழுத்தின காலோடு ஸ்டார்ட் செய்யச் சொன்னேன். பெடல் இறங்கியதும் திடுக்கிட்டுக் காலை எடுத்துவிட்டு, "என்னண்ணே, உள்ள போகுது?" என்றார்.